கொதிக்க வைக்காத தண்ணீர்

தனபாலனின் மூக்குக்கு மணம் திரும்பி வந்தது தை மாதக் கடைசியில். வத்தேகம கடைத்தெருவில் அண்ணன் ராஜலிங்கத்தோடு சேர்ந்து அவர் ஓர் அரைக்கும் மில் நடத்தி வந்தார். மிளகாய், மல்லி, மஞ்சள், மிளகு என்று இருபது வருடம் அந்தத் தூளுக்குள்ளேயே நின்றவர். மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடுவதும், காலையில் எழுந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பதும் அவருக்குப் பழகிப் போயிருந்தது. மனைவி பிரேமிளா நச்சரித்து நச்சரித்துத்தான் கண்டியில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்லிச் சின்னதாக ஒரு ஒப்பரேஷன் செய்தார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும் அன்று, ஷஹ்மா என்ற தாதி இரண்டு பேரையும் உட்கார வைத்து மூக்குக் கழுவும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தாள். கலகெதரப் பக்கத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். மேசையில் ஒரு பிளாஸ்டிக் போத்தலை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் பேசினாள்.

"தண்ணிய நல்லா கொதிக்க வைங்க. கொப்புளிச்சு வந்த பொறகும் ஒரு நிமிசம் விடுங்க. மூடி வச்சு ஆற விடுங்க. அரை லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அயடின் சேராத உப்பு. ஒரு சிட்டிகை அப்பச் சோடா. பேசினுக்கு மேல குனிஞ்சு, வாயத் தொறந்து வாயால மூச்சு விடுங்க. ஒரு பக்கம் போத்தல வச்சு மெல்ல அமத்தினா மத்தப் பக்கத்தால வந்துரும். முடிஞ்சதும் போத்தலக் கழுவிக் காய வைங்க. இண்டைக்கு ஆற வச்ச தண்ணி நாளைக்கு மட்டுந்தான். அதுக்குப் பொறகு ஊத்திருங்க."

"பில்டர் தண்ணி சரிவராதா மிஸ்?" என்று கேட்டது பிரேமிளாதான்.

"குடிக்க சரி அக்கா. மூக்குக்கு வாணாம். மூக்குக்குக் கொதிச்ச தண்ணி மட்டும்."

அதை ஒரு தாளிலும் தமிழில் எழுதிக் கொடுத்தாள்.

முதல் இரண்டு நாள் தனபாலன் இருமி, கண் கலங்கி, "இது மனுசன் செய்யிற வேலையா?" என்று பேசினுக்கு முன்னால் நின்று சத்தம் போட்டார். மூன்றாவது வாரம் மில்லிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தார்.

"பிரேமி, இன்னைக்கு ஒரு மூட்டை மல்லி வந்துச்சு. வாய அவுக்கும்போதே பூஞ்சணம் புடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன். அண்ணன் நம்பல. கொட்டிப் பாத்தா அடியில அவ்வளவும் கறுப்பு. மணத்த வச்சே சொல்லிட்டேன்!"

பதினாறு வயது மகள் நிலுக்ஷி சிரித்துக்கொண்டு தன் ரசப் பாத்திரத்தை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். "இது என்னான்னு சொல்லுங்கப்பா." அவர் கண்ணை மூடிக்கொண்டு, பூண்டு, மிளகு, சீரகம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கருவேப்பிலை போட மறந்துவிட்டாய் என்றும் சொன்னார். அது உண்மை.

அதற்குப் பிறகு மூக்குக் கழுவாமல் அவர் மில்லுக்குப் போனதே இல்லை. தண்ணீரைத் தயார் செய்வது பிரேமிளாவின் வேலையாகிவிட்டது. முதல் நாள் சாயங்காலம் கொதிக்க வைத்து, எவர்சில்வர் ஜக்கில் ஊற்றி மூடி வைப்பாள். காலையில் அவர் உப்பும் சோடாவும் கலந்துகொள்வார்.

பங்குனியில் தண்ணீர்க் கஷ்டம் வந்தது. இரண்டு மாதமாக மழை இல்லை. குழாயில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை, அதுவும் நூல் மாதிரி வந்தது. தண்ணீர் பவுசர் லொறி வரும் நாளில் தெருவில் எல்லோரும் மோட்டர் போட்டு மேலே தாங்கியில் ஏற்றி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக் கூரைத் தட்டில் இருந்த கறுப்புத் தாங்கி பகல் முழுவதும் வெயிலில் கிடந்து, பின்னேரம் குழாயைத் திறந்தால் தண்ணீர் இளஞ்சூடாக வந்தது. "வெந்நீர் வைக்கிற வேலை மிச்சம்" என்று நிலுக்ஷி குளித்துவிட்டு வந்து சொல்லுவாள்.

அந்த மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கேஸ் முடிந்தது. கடைக்காரன் வியாழன் பின்னேரம்தான் சிலிண்டர் வரும் என்றான். மின்சாரக் கேத்தல் பழுதாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. பிரேமிளா கண்டி மாநகர நூலகத்தில் லிகிதராக எழுத்து வேலை செய்தாள். ஆறே காலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் கொதிக்க வைக்க மறந்திருந்தாள். ரைஸ் குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. அவள் ஜக்கை எடுத்து, தாங்கித் தண்ணீர் ஊற்றியிருந்த பில்டரில் இருந்து பிடித்து, மூடி, வழக்கமான இடத்தில் வைத்தாள். குடிக்கிற தண்ணீர்தானே, ஒரு நாள்தானே என்று அப்போது நினைத்ததாக அவளுக்கு ஞாபகம். உண்மையில் அவ்வளவுகூட நினைத்தாளா என்று பிறகு அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தனபாலன் குசினிக்கு வந்து ஜக்கைத் திறந்து பார்த்தார்.

"கேஸ் இல்லன்னியே. இது கொதிச்ச தண்ணிதானே?"

"ஆமா" என்றாள். சோற்றுப் பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை. அதை அமுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புதனும் வியாழனும் அதே ஜக், அதே பில்டர். அந்த இரண்டு நாளும் அவர் கேட்கவில்லை. வியாழன் பின்னேரம் கேஸ் வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து பழையபடி கொதிக்க வைத்தாள். விஷயம் மறந்தே போய்விட்டது.

அடுத்த திங்கள் சாப்பாட்டு மேசையில் தனபாலன் கருவாட்டுக் குழம்பைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஒண்ணுமே மணக்கல பிரேமி. மறுபடியும் அடைச்சிருச்சோ என்னவோ. தலை வேற இங்க குத்துது." நெற்றியின் நடுவைத் தொட்டுக் காட்டினார்.

செவ்வாய் காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனவரைப் பத்து மணிக்கு ராஜலிங்கம் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். புதன் முழுவதும் வாந்தி. பக்கத்து டொக்டர் வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். வெளிச்சம் பட்டால் கண்ணைப் பொத்திக்கொண்டு முனகினார். வியாழன் காலையில் பிரேமிளா கோப்பியோடு போனபோது அவளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று மரியாதையாகக் கேட்டார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பெரியாஸ்பத்திரி வாட்டில் ஓர் இளம் டொக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சிங்களத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டார். நூலகத்தில் பேசிப் பேசி அவளுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆற்றில் குளித்தாரா? இல்லை. குளம், பீலித் தண்ணீர் எங்கேயாவது? இல்லை. காதில், மூக்கில் வருத்தம் உண்டா? ஒப்பரேஷன் விவரத்தைச் சொன்னாள். மூக்குக் கழுவுகிறாரா?

"ஆமா டொக்டர்."

"எந்தத் தண்ணீரில்?"

அந்த இடத்தில்தான் பிரேமிளாவுக்கு அந்த மூன்று நாளும் ஞாபகம் வந்தது. ஜக்கும் பில்டர் குழாயும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கொஞ்சம் தள்ளி ராஜலிங்கம் நின்றுகொண்டிருந்தார். நிலுக்ஷி வாசல் கதிரையில் அழுதுகொண்டிருந்தாள்.

"கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில" என்றாள்.

டொக்டர் எழுதிக்கொண்டார்.

அன்று பின்னேரமே முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். பாக்டீரியாவாக இருக்கும் என்று அதற்கான மருந்தை ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை பகல் அவருக்கு வலிப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பின்னேரம் ஒரு பெரிய டொக்டர் வந்து, மறுபடியும் நீர் எடுக்கச் சொல்லி, சூடு ஆறும் முன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாராம். அமீபா நகர்ந்துகொண்டிருந்தது.

அவர்தான் பிரேமிளாவுக்கும் ராஜலிங்கத்துக்கும் விளக்கினார். மெதுவாகப் பேசினார்.

"இது சூடான தண்ணீரில், தாங்கி அழுக்கில் இருக்கிற ஒரு சின்ன உயிர். குடித்தால் ஒன்றும் செய்யாது, வயிற்றில் செத்துவிடும். மூக்கின் மேல்பக்கம் போனால் அங்கிருந்து நேரே மூளைக்கு ஏறிவிடும். ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றாது. இருக்கிற மருந்தெல்லாம் கொடுக்கிறோம். ஆனால் பிழைக்கிறவர்கள் மிகக் குறைவு. பிள்ளையைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள்."

நிலுக்ஷி உள்ளே போய் அப்பாவின் காலைத் தொட்டுக்கொண்டு நின்றாள். கையைத் தொட இடமில்லாமல் குழாய்கள் இருந்தன. திங்கட்கிழமை மத்தியானம் தனபாலன் இறந்துபோனார். வயது நாற்பத்தி நாலு.

மஹியாவையில் தகனம் முடிந்த மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். கூரைத் தட்டில் ஏறி, தாங்கியைத் திறந்து பார்த்துவிட்டு, போத்தல்களில் தண்ணீர் பிடித்தார். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சேறு கிடந்ததாகச் சொன்னார். தெருவில் வீடு வீடாகப் போய்த் தாங்கியைக் கழுவச் சொன்னார். மூக்குக்குள் பச்சைத் தண்ணீர் போகக் கூடாது என்றும் சொல்லிப் போனார். பெண்கள் மதிலுக்கு மேலாகப் பிரேமிளாவைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ராஜலிங்கம் எட்டாம் நாள் ஒரு கடிதத்தோடு வந்தார். தம்பியைத் தன் மகன் மாதிரி வளர்த்தவர். அழுகையெல்லாம் கோபமாகித் திரண்டு போயிருந்தது.

"மூக்குல தண்ணி விடச் சொன்னது யாரு? அந்தக் கிளினிக் மிஸ்தானே. எப்பிடிப்பட்ட தண்ணி, எப்பிடிக் கொதிக்க வைக்கணும்னு ஒழுங்காச் சொல்லலன்னு எழுதியிருக்கேன். நீங்க பொஞ்சாதி, நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் எடுப்பாங்க."

"அவங்க சொன்னாங்களே..." என்று தொடங்கினாள்.

"என்னத்தச் சொன்னா? ஒழுங்காச் சொல்லியிருந்தா என் தம்பி ஏன்மா செத்தான்?"

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் சாப்பிட்டது தங்கவில்லை. தனபாலன் செத்த துக்கத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் மனதுக்குள் ஓடியது ரைஸ் குக்கர். சோற்றை இறக்கிவிட்டு அதிலேயே அரை லீட்டர் தண்ணீரை வைத்திருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். இல்லாவிட்டால், "இன்னைக்குக் கொதிச்ச தண்ணி இல்ல, கழுவாமப் போங்க" என்று சொல்லியிருக்கலாம். அவர் முணுமுணுத்துவிட்டுப் போயிருப்பார். மில்லில் தும்மியிருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். முன் அறையில் ராஜலிங்கம் பந்தல்காரனுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். நிலுக்ஷி பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு வான் வந்து நின்றது. ஷஹ்மா இறங்கினாள். கூட வந்த அவளுடைய அண்ணன் இல்ஹாம் வாசலோடு நின்றுகொண்டான்.

ராஜலிங்கம் போனை வைத்துவிட்டு எழுந்தார். "இங்க எதுக்கு வந்தீங்க?"

"சண்டை புடிக்க வரல்ல ஐயா. அக்காவப் பாக்கத்தான் வந்தன்." முகம் கறுத்து, மெலிந்திருந்தாள். பிரேமிளாவைப் பார்த்ததும் அவளுக்கே முதலில் கண் கலங்கியது. "அவர் மவுத்தாப் போனது தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்கு நித்திரை இல்ல அக்கா. விசாரணை முடியிற வரைக்கும் கிளினிக்குக்கு வர வாணாம்னு சொல்லிட்டாங்க. வேலை போனாப் போகட்டும். எனக்கு ஒண்டு மட்டும் தெரியணும். நான் கொதிக்க வைக்கச் சொன்னேனா இல்லியா? அண்டைக்கு எத்தின பேருக்குச் சொல்லிக் குடுத்தன். ஒருவேள ஒங்களுக்குச் சொல்ல வுட்டுப் போச்சோன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கே இப்ப நிச்சயமில்லாமப் போச்சு. நான் மறந்திருந்தா, அவர்ட மவுத்துக்கு நான் அல்லாஹ்கிட்ட பதில் சொல்லணும். அதான் கேக்க வந்தன்."

ராஜலிங்கம் வாயைத் திறந்தார். பிரேமிளா முந்திக்கொண்டாள்.

"சொன்னீங்க" என்றாள். "பில்டர் தண்ணி போதுமான்னு நான் கேட்டேன். மூக்குக்கு வேணாம்னு சொன்னீங்க. எழுதியும் குடுத்தீங்க. அலுமாரியில இருக்கு."

"அப்ப எப்பிடிம்மா?" என்றார் ராஜலிங்கம்.

"கேஸ் முடிஞ்சிருச்சு. மூணு நாள் பில்டர் தண்ணிய ஜக்குல ஊத்தி வச்சேன். கொதிக்க வைக்கல. டொக்டர் கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். உங்க கடிதத்துலயும் பொய்க்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

ராஜலிங்கம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஷஹ்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அவள் முகத்தில் ஒரு கணம் நிம்மதி வந்து, உடனே அதற்காக வெட்கப்பட்டதுபோல் மறைந்தது.

நிலுக்ஷி துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

பிரேமிளா அவளைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு அது கொதிக்காத தண்ணின்னு தெரியுமா? தெரிஞ்சுதான் கழுவினாரா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. மகளுக்கும் அது பாரம் குறைந்த பதிலாக இருந்திருக்கும்.

"தெரியாது. கேட்டார். கொதிச்ச தண்ணிதானேன்னு கேட்டார். ஆமான்னு சொன்னேன்."

நிலுக்ஷி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராஜலிங்கம் செருப்பைப் போட்டார். படியில் நின்று, திரும்பாமல், "இவ்வளவு நாளும் என்னைய அந்தப் புள்ளைக்கு மேல ஏவி விட்டுட்டு உள்ள உக்காந்திருந்தீங்களே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை.

ஷஹ்மா மட்டும் கொஞ்ச நேரம் இருந்தாள். பிரேமிளாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது, "நான் சொல்லிக் குடுத்தேன்னு ஒரு கடிதம் எழுதித் தாங்க அக்கா" என்று மட்டும் கேட்டாள். பிரேமிளா அங்கேயே எழுதிக் கொடுத்தாள்.

கிளினிக்கில் ஷஹ்மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பாடம் சொல்லும் வேலையை இனிமேல் தனக்குத் தர வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாளாம். பிரேமிளா பெரியாஸ்பத்திரிக்கும் போனாள். பெரிய டொக்டரைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். உண்மையைச் சொன்னாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பாரா டொக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு நாள் முந்தியே பார்த்திருப்போம். அப்போதும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். நிச்சயமாக இதுதான் நடந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் பொய்யாகிவிடும்."

அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிலையம் வரைக்கும் நடந்தே போனாள்.

நிலுக்ஷி மூன்று வாரம் வீட்டில் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டினாள். பிறகு, படிக்க அமைதியான இடம் வேண்டும் என்று சொல்லி, புசல்லாவையில் இருக்கும் பெரியம்மா புஷ்பத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். புஷ்பம் பிரேமிளாவின் அக்கா. அவள் போனில், "கொஞ்ச நாள் விடு. சாப்பிடுறா, படிக்கிறா. அது போதும் இப்போதைக்கு" என்றாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பிரேமிளா புசல்லாவைக்குப் போய் வந்தாள். முதல் இரண்டு தடவையும் நிலுக்ஷி புத்தகத்தோடு பின் அறையில் இருந்தாள். அம்மா கொண்டுவந்த முறுக்கை அப்படியே மேசையில் விட்டிருந்தாள். மூன்றாவது தடவை, பிரேமிளா திரும்பக் கிளம்பும்போது, செருப்பைப் போட்டுக்கொண்டு அவளும் வந்தாள். இரண்டு பேரும் தேயிலைக்கு நடுவே இறங்கி மெயின் ரோட்டுக்கு வந்து, மூடிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் நின்றார்கள். நுவரெலியாப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு வலிச்சுதா?" என்று நிலுக்ஷி கேட்டாள்.

"வலிச்சுது."

"ரொம்பவா?"

"ரொம்ப. முதல் மூணு நாள். அப்புறம் அவருக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு டொக்டர் சொன்னார்."

நிலுக்ஷி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வான்கள் போயின. பிறகு வளைவில் கண்டி பஸ் ஹோர்ன் அடித்தது.

"பையைக் குடுங்க" என்றாள்.

பிரேமிளா ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டாள். நிலுக்ஷி பையை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். பஸ் நகர்ந்தபோது அவள் கை காட்டவில்லை. ஆனால் பஸ் வளைவில் திரும்பும்வரை அந்த இடத்திலேயே நின்றாள்.